சங்கரபாண்டி கொடுத்த சூட்டுக்கோல் பூ

கோவில்பட்டி ரயில் நிலையம், இரண்டாவது நடைமேடை. உச்சி வேளை. தை மாதத்து வெயில்தான் என்றாலும் சிமெண்டுப் பெஞ்சு சுட்டது. என் மனைவி சண்முகத்தாய் கைக்குட்டையை விரித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். நான் உட்காரவில்லை. உட்காருகிற நிலைமையில் இல்லை.

அவளை நான் கூட்டிக்கொண்டு வரவில்லை. அவளாகப் புறப்பட்டு வந்தாள். என்னைத் தனியே அனுப்பினால் சொல்ல வேண்டியதைச் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"வண்டி நின்னதும் சொல்லிரணும். வீட்டுக்குப் போயி சொல்லுதேன், காப்பி குடிச்சிட்டு சொல்லுதேன்னு இழுக்கக் கூடாது."

"சொல்லுதேன்."

"எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க."

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "சங்கரபாண்டி, நீ குடுத்த அந்தச் செடி இப்ப இல்ல."

"இப்ப இல்லன்னா? எங்கயும் விருந்துக்குப் போயிருக்கா?"

"செத்துப் போச்சு."

"அது எப்ப செத்துச்சு, அதுக்கப்புறம் நீங்க அனுப்புன போட்டோ என்னதுன்னும் சொல்லணும்."

பக்கத்துப் பெஞ்சில் இருந்த அம்மாள் ஒருவர் எங்கள் வீட்டில் ஏதோ சாவு என்று நினைத்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

நான் வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் என் பெருமைகளை மட்டும் பொறுக்கி எழுதுகிறேன் என்று சண்முகத்தாய்க்கு ஒரு குறை உண்டு. போன வாரம், வெள்ளத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஓடையைக் கடந்த கதையைப் படித்துவிட்டு, "தைரியசாலிதான். கத்தாழைக் கதைய எழுதுங்க பாப்போம்" என்றாள். எழுதிவிடுகிறேன்.

மணியாச்சி நாட்கள்

சங்கரபாண்டி வந்து இறங்குவதற்குள் அவன் யாரென்று சொல்ல வேண்டும்.

நானும் அவனும் மணியாச்சி ஜங்ஷனில் பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். அவன் ஸ்டேஷன் மாஸ்டர். நான் டிக்கெட் கவுண்டரில். வேலை நேரத்தில் அவனை மாஸ்டர் என்று கூப்பிடுவேன். வேலை முடிந்து சட்டையைக் கழற்றியதும் ஏலே என்று கூப்பிடுவேன். இந்த இரண்டும் மாறிப்போய், ஒருநாள் மேலதிகாரி முன்னால் அவனை ஏலே என்று கூப்பிட்டு மூன்று மாதம் முழி பிதுங்கியிருக்கிறேன்.

அவனுக்குச் செடிப் பைத்தியம். அங்கே கிடந்த பழைய தார் டின்களை எல்லாம் சுண்ணாம்பு அடித்து வரிசையாக வைத்து, சாமந்தியும் கோழிக்கொண்டையும் வளர்த்தான். ரயில் மாறுவதற்காகக் காத்திருப்பவர்கள் பூவைப் பறித்துவிடக் கூடாது என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பான். தூத்துக்குடி வண்டியைப் பற்றிய அறிவிப்பும் அதே குரலில்தான் வரும். சிலர் பூவுக்கும் பிளாட்பாரம் மாறவேண்டுமோ என்று குழம்பியிருக்கிறார்கள்.

எனக்குச் செடிகொடி விஷயத்தில் ஒன்றும் தெரியாது. அது அவனுக்கும் தெரியும். "முத்தையா, நீ தண்ணி மட்டும் ஊத்தாத. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்பான். லீவில் போகும்போது டின்களை, தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேனிடம் ஒப்படைத்துவிட்டுப் போவானே தவிர என்னிடம் தரமாட்டான்.

ஓய்வு பெற்றதும் அவன் மகனோடு கொடைக்கானல் போய்விட்டான். கரிசலில் பிறந்து கரிசலில் காய்ந்தவன் மலையில் போய் என்ன செய்வானோ என்று நான் நினைத்தேன். அவன் மனைவி லீலா ஒரே வருஷத்தில் வீட்டுக்குப் பின்னால் சரிவு முழுக்கச் செடியாக்கிவிட்டாள். அவனுடைய பைத்தியம் அவளிடமிருந்து தொற்றியது என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மணியாச்சியில் அவன் வாங்கிய நல்ல பெயரில் பாதி அவளுடையது.

பெயர் வைத்த கதை

ஒரு ஐப்பசியில் நானும் சண்முகத்தாயும் அங்கே போயிருந்தோம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த காலை. சரிவின் ஓரத்தில், கோரைப்புல் மாதிரி நீளநீளமான இலைகளுக்கு நடுவிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தண்டுகள் நிமிர்ந்து நின்றன. ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு பூங்கொத்து. மேல்பாதி நெருப்புச் சிவப்பு, கீழ்ப்பாதி மஞ்சள். சின்னச் சின்னக் குழல்களாய்க் கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டு, அடுப்பிலிருந்து அப்போதுதான் உருவிய இரும்புக் கம்பி போல இருந்தது.

"இங்கிலீஷ்ல ரெட் ஹாட் போக்கர்னு சொல்லுதாங்க அண்ணே. தமிழ்ல என்ன பேருன்னு தெரியல" என்றாள் லீலா.

நான் யோசித்து, "கொள்ளிக்கட்டைப் பூ" என்றேன்.

சண்முகத்தாய் என் தொடையில் கிள்ளினாள். ஒரு வீட்டுக்கு விருந்தாளியாகப் போய், நல்ல நாளும் அதுவுமாகக் கொள்ளி என்று சொல்கிறவன் நான் ஒருவன்தான் என்று ஊர் வந்து சேரும்வரை சொல்லிக்கொண்டு வந்தாள்.

சங்கரபாண்டி, "சூட்டுக்கோல்னு சொல்லலாம்லா" என்றான். மாட்டுக்குச் சூடு போடுகிற கம்பி. அதுதான் பொருத்தமாக இருந்தது.

ஆனால் கடைசி வார்த்தை சண்முகத்தாயுடையது. அவள் கல்யாணத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினாறு வருஷம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். எங்கள் ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். அவள் பூவைச் சுற்றி வந்து, கண்ணைச் சுருக்கி, சரக்கைச் சோதிக்கிற பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பெரிய தீக்குச்சி. ஆனா மருந்து முக்குனவ சரியில்ல. பாதிக்கு மேல வழிய விட்டுட்டா."

லீலா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே மண்வெட்டியை எடுத்து வந்து, தூரின் ஓரத்தில் வெட்டி, வேரும் மண்ணுமாக ஒரு பகுதியைச் சாக்கில் கட்டி சண்முகத்தாயிடம் கொடுத்தாள்.

"வெயில் தாங்கும். காத்து தாங்கும். தண்ணி மட்டும் அடியில நிக்கக் கூடாது. அது ஒண்ணுதான் மதினி."

மதினியிடம்தான் சொன்னாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் செடியைப் பிடுங்கிக்கொண்டவன் நான்.

கரிசலும் நானும்

எங்கள் வீடு பசுவந்தனை ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கு முன்னால் பத்தடிக்குப் பத்தடி கரிசல் மண். வெளியூர்க்காரர்களுக்கு இந்த மண்ணின் குணம் தெரியாது. கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அதில் விழுந்து இன்னும் கிடைக்கவில்லை. மழை பெய்தால் களியாகி, காலைப் பிடித்தால் செருப்பை வாங்கிக்கொண்டுதான் விடும். குடித்த தண்ணீரைக் கீழே விடாது. பருத்திக்கும் கம்புக்கும் அது தாய். மலையிலிருந்து இறங்கி வந்த பூவுக்கு அது என்ன என்று நான் யோசிக்கவில்லை.

நல்ல ஆழமாகக் குழி வெட்டினேன். பக்கத்து வீட்டு மாடசாமி அண்ணாச்சியிடம் இரண்டு கூடை ஆட்டுரம் வாங்கிப் போட்டேன். அண்ணாச்சி பரம்பரையாக ஆடு வளர்க்கிறவர். எப்போதும்வென்றான் ஊர்ப் பக்கம் கொஞ்சம் நிலமும் உண்டு. குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கெணறு வெட்டுதீங்களா?" என்றார். அந்த வார்த்தையை அப்போதே நான் கவனித்திருக்கவேண்டும்.

மாசியில் லீலா இறந்துபோனாள். மூன்று நாள் காய்ச்சல் என்றார்கள். நாங்கள் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. சங்கரபாண்டி பின்கட்டு வாசலில் உட்கார்ந்து சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் பக்கம் திரும்பாமலே, "உன் செடி எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லா இருக்குலே" என்றேன். அப்போது அது உண்மை.

உண்மையில் அந்தக் கோடையை அது தாண்டியது எனக்கே ஆச்சரியம். பச்சை வலையைக் கட்டி நிழல் கொடுத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் இப்படி ஒரு நாள் கவனித்ததில்லை என்று சண்முகத்தாய் மகளுக்கே போன் போட்டுச் சொன்னாள்.

ஆவணி முழுக்கப் புது இலை விட்டது. ஐப்பசியில் பூக்கும் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்தேன்.

ஐப்பசியில் மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. நான் அத்தனை பிரியமாக வெட்டிய குழி, அண்ணாச்சி சொன்னபடியே கிணறானது. குடையைப் பிடித்துக்கொண்டு குவளையால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினேன். வெளியே ஊற்றியதும் அதே குழிக்குத்தான் திரும்பி வந்தது. நான்காம் நாள் இலையைப் பிடித்து லேசாக இழுத்தேன். பற்றிக்கொள்ள ஒன்றுமில்லாமல் கையோடு வந்துவிட்டது. அடியில் வேர் குழைந்த சோறு மாதிரி இருந்தது. ஒரு வாடை.

சண்முகத்தாய் வாசற்படியில் நின்று பார்த்தாள். அன்றைக்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாத நாட்களை நான் எண்ணிவிடலாம்.

ஒரு பொய், அதற்கு ஒரு போட்டோ

கார்த்திகையில் சங்கரபாண்டி போன் செய்தான். எப்போதாவதுதான் செய்வான். குரல் தேய்ந்து போயிருந்தது. லீலா போனபின் சந்தைக்குக்கூடப் போவதில்லை என்று அவன் மகன் சொல்லியிருந்தான்.

"செடி எப்படி இருக்குலே?"

அவன் என் உடம்பைக் கேட்கவில்லை, வீட்டைக் கேட்கவில்லை. அதை மட்டும் கேட்டான். செத்துவிட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "நல்லா இருக்கு" என்று வந்தது.

"பூத்துச்சா?"

"மொட்டு விட்டிருக்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சண்முகத்தாய் நிற்கிறாள். "மொட்டா? எங்க, எனக்கும் காட்டுங்க" என்றாள்.

மார்கழியில் மறுபடி கேட்டான். "பூ வந்தா ஒரு போட்டோ அனுப்புலே. லீலா கையால குடுத்ததுல்லா."

எங்கள் வீட்டுச் சுற்றுச்சுவரின் மூலையில் ஒரு கத்தாழை இருக்கிறது. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருந்ததை, கயிறு அறுந்து விழுந்தபின் யாரோ மூலையில் எறிந்தார்கள். அது அங்கேயே வேர்விட்டுக் குடும்பமாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் நான் ஊற்றியதில்லை. அந்த மார்கழியில் அது நீளமாகத் தண்டு விட்டு, செம்மஞ்சள் நிறத்தில், கீழ்நோக்கித் தொங்கும் குழல்களோடு பூத்து நின்றது.

நான் பூவை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்தேன். இலை ஒரு நுனிகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டேன். அனுப்பினேன். ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது. எழுத்து இல்லை, கைகூப்பும் படம். ஒன்றல்ல, வரிசையாகப் பதினொன்று.

அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. "கத்தாழை நல்ல மருந்து. அரைச்சுக் குடுக்கட்டா?" என்றாள் சண்முகத்தாய்.

ஆட்டின் மேல் பழி

பிறகு மதுரையில் அவனுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. பத்து நாள் மகள் வீட்டில் தங்கிவிட்டுத் திரும்பினான். திரும்பிய அன்றே எனக்குப் போன்.

"முத்தையா, இங்க உள்ளது எல்லாம் போச்சுலே."

கார் நிறுத்த இடம் வேண்டும் என்று மகன் பின்பக்கச் சரிவை இயந்திரம் வைத்துச் சமப்படுத்தியிருந்தான். புல் என்று நினைத்துவிட்டானாம். மண்ணோடு மண்ணாக லாரியில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோய்க் கொட்டியாகிவிட்டது. மகன் அழுதே விட்டானாம். சங்கரபாண்டி அவனைத் திட்டவில்லை.

"நல்லவேள, உன்கிட்ட இருக்கு. ஒரு துண்டு வெட்டிக் குடு. வெள்ளிக்கிழம வாரேன்."

ஒரு வருஷமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர வீட்டை விட்டு வெளியே வராதவன், ஐந்து மணி நேரம் பஸ்ஸும் ரயிலும் ஏறி வருகிறேன் என்கிறான். எங்கள் வீட்டில் அவனுக்காக ஒரு குழியும் ஒரு கத்தாழையும் இருந்தன.

நான் ஓடாத ஓட்டம் இல்லை. ஊரில் உள்ள நர்சரிகளில் படத்தைக் காட்டினேன். ஒருவர் அது பிளாஸ்டிக் பூ என்றே சாதித்தார். ஊட்டிப் பக்கம் ஒரு நர்சரியில் கிடைக்கும், கூரியரில் வரும் என்று தெரிந்தது. பணம் அனுப்பப்போனேன். சண்முகத்தாய் போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

"எவனோ வளத்தத வாங்கி, இது லீலா வச்சதுன்னு அவிய கையில குடுப்பீங்களா? அவிய அதைக் கொண்டுபோய் அந்த எடத்துல வச்சு தெனமும் பாத்துக்கிட்டு இருப்பாவ. உங்களுக்கு உறக்கம் வருமா?"

நர்சரியை அதோடு விட்டுவிட்டேன்.

மாடசாமி அண்ணாச்சிக்கு விஷயம் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து தலையை நீட்டினார்.

"எங்க ஆடு தின்னுட்டுன்னு சொல்லிருங்க அண்ணாச்சி. நான் குத்தத்த ஒத்துக்கிடுதேன். ஆட்டுக்கு என்ன கேவலம் வந்திரப் போவுது?"

ஒரு நிமிஷம் நான் அதை யோசித்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். எந்த ஆடு என்பதுவரை யோசித்தேன்.

"ஆட்ட விடுங்க. அதுவாவது நல்ல பேரோட இருக்கட்டும்" என்றாள் சண்முகத்தாய்.

வண்டி வந்தது

இப்படித்தான் அந்த வெள்ளிக்கிழமை உச்சி வேளையில் நாங்கள் இரண்டாவது நடைமேடையில் நின்றோம்.

சங்கரபாண்டி மூன்றாவது பெட்டியிலிருந்து இறங்கினான். மெலிந்திருந்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். ஒரு தோளில் துணிப்பை. மறு கையில், அழகாக மடித்துச் சுருட்டிய ஈரச் சாக்கு ஒன்றும் கொஞ்சம் மலைப்பாசியும். வேர் காயாமல் கொண்டுபோவதற்கு.

அந்தச் சாக்கைப் பார்த்ததும் நான் மனப்பாடம் செய்திருந்தது எல்லாம் மறந்துவிட்டது. பயணம் எப்படி, வண்டி சரியான நேரமா என்று கேட்டேன். அவனும் ரயில்வேக்காரனாக, சாத்தூரில் நான்கு நிமிஷம் நிறுத்திவிட்டான் என்று குறைபட்டுக்கொண்டான். சண்முகத்தாய் என் முழங்கையை இடித்தாள்.

"சங்கரபாண்டி, செடி செத்துப்போச்சு. ஐப்பசி மழையிலயே போயிட்டு. நான் தண்ணி நிக்க விட்டுட்டேன். உன்கிட்ட மறைச்சுட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றினான். "மார்கழியில பூத்துச்சே?"

"அது கத்தாழ."

வண்டி கிளம்பிப் போனது. அவன் பெஞ்சில் உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, திறந்து, கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தான். முகப்பில் இருந்தது நான் அனுப்பிய படம். பெரிதாக, பளிச்சென்று.

"கண்ணுல மறைப்பு இருந்துச்சு" என்றான் மெதுவாக. "ஆபரேஷனுக்குப் பொறகு பாக்கும்போது, இதுல மஞ்சள் கீழ இல்லையேன்னு நெனச்சேன். உங்க ஊரு வெயிலுக்கு அப்படிப் பூக்கும் போலன்னு நானே சொல்லிக்கிட்டேன்."

நான் ஏதோ சொல்லப் போனேன். அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

"செத்துட்டுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தா நான் உன்னைத் திட்டியிருப்பேன். அவ்வளவுதான. என்கிட்ட உள்ளத பத்திரமா பாத்திருப்பேன். உன்கிட்ட ஒண்ணு இருக்குங்கிற தைரியத்துலதாம்லே, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மகன்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம போனேன்."

இதை நான் யோசித்திருக்கவில்லை. என் பொய் அவனை வருத்தப்படாமல் காப்பாற்றியது என்றுதான் அதுவரை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் சரிவில் அந்த இயந்திரம் ஏறியதில் எனக்கும் பங்கு இருந்தது. அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"திரும்பிப் போற வண்டி எப்ப?" என்றான்.

"நாலு மணிக்கு மேல" என்றேன். அவனுக்கே தெரியும்.

சண்முகத்தாய் எழுந்து கைக்குட்டையை உதறினாள். "சோறு ஆக்கி வச்சிருக்கேன் அண்ணே. கோவத்தோடயே சாப்பிடலாம், ஒண்ணும் தப்பில்ல. அவரு மூஞ்சியப் பாக்க வேண்டாம்னா அடுக்களையில எல போடுதேன்."

அவன் சாக்கை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அடுக்களையில் ஒரு இலை

உண்மையிலேயே அடுக்களையில்தான் சாப்பிட்டான். எனக்கு முன்கூடத்தில் போட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து, அவன் இரண்டாவது தடவை ரசம் கேட்டதைக் கேட்டு ஆறுதல் அடைந்தேன்.

சாப்பிட்டதும் நேராக என் குழிக்குப் போனான். குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு குச்சியால் மண்ணைக் கிளறினான். ஒரு பிடி எடுத்து உருட்டினான். அது உருண்டையாகவே நின்றது.

"இதுல பானை செய்யலாம். இதுலயா அத வச்ச?"

"உரமெல்லாம் போட்டேன்லே."

"உரம் போட்ட பானை."

பிறகு எழுந்து மூலைக்குப் போனான். கத்தாழைப் பூ இன்னும் வாடவில்லை. தேன்சிட்டு ஒன்று தண்டைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, குழல் குழலாக மூக்கை விட்டுக்கொண்டிருந்தது. அவன் அசையாமல் நின்றான். அது பறந்துபோகும்வரை நின்றான்.

"ஒரு மாசத்துக்கு மேல காலையில எந்திரிச்சு இந்தக் கத்தாழைக்குத்தான் வணக்கம் சொல்லியிருக்கேன்" என்றான். "லீலாவா இருந்தா போட்டோவப் பாத்த அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பா. உன்னைச் சும்மாவும் விட்டிருக்க மாட்டா."

"என்ன செஞ்சிருப்பா?"

"அடுத்த நாளே உனக்கு ஒரு கோழியப் படம் எடுத்து அனுப்பி, மயில் வளக்குதேன் அண்ணேன்னு சொல்லியிருப்பா."

சொன்னவன் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு நடுவில் உடைந்தது. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, கத்தாழைக்கு முன்னால், என் வீட்டு மூலையில், அவன் அழுதான். லீலா இறந்து நாங்கள் போயிருந்த அன்று அழாதவன். நான் கிட்டே போகலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். சண்முகத்தாய் கண்ணால் போகச் சொன்னாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான் செய்தேன்.

நாலு மணி வண்டி போய்விட்டது. அதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

அவன் எங்கள் வீட்டில் ஐந்து நாள் இருந்தான். இரண்டாம் நாள் என் குழியை மூடச் சொல்லி, மண்ணை மேடாகக் குவித்து, சரளையும் மணலும் கலந்து ஒரு பாத்தி கட்டினான். நான் கல் சுமந்தேன். "எதுக்குலே?" என்று கேட்டதற்கு, "நீ எதையாவது வாங்கி வப்ப. அதுவாவது பொழைக்கட்டும்" என்றான். மாடசாமி அண்ணாச்சியிடம் ஆட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் மணிக்கணக்கில் பேசினான். அண்ணாச்சி தன் ஆட்டின் மேல் பழி போடச் சொன்ன யோசனையை அவரே அவனிடம் சொல்லிவிட்டார்.

கிளம்புகிற அன்று காலையில் மண்வெட்டியைக் கேட்டான். கத்தாழையின் பக்கத்தில் முளைத்திருந்த குட்டி ஒன்றை வேரோடு பெயர்த்து, மலையிலிருந்து கொண்டுவந்த சாக்கில் சுற்றினான்.

"இத எதுக்குக் கொண்டுபோற? அங்க பனியும் மழையுமா இருக்கும். அழுகிப்போவும்லே" என்றேன்.

"அதுக்குத்தான். நான் குடுத்தத நீ கொன்ன. நீ குடுத்தத நான் கொல்லுதேன். அப்பதான் சரிக்குச் சரி."

சண்முகத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து அனுப்பினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "இன்னும் சாகலலே" என்றான்.

அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. நன்றாகத் தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறானாம், அசையவில்லையாம். அப்புறம் ஞாயிறு தவறியதில்லை. ஒரு வாரம் ஓர் இலை மஞ்சளாகியிருக்கிறது என்று உற்சாகமாகச் சொன்னான். மறு வாரம் அது உதிர்ந்து, நடுவில் புதிதாக இரண்டு விட்டிருக்கிறது என்று அலுத்துக்கொண்டான். சந்தைக்குப் போய்ப் புதுத் தொட்டி ஒன்று வாங்கினேன் என்று இடையில் சொன்னான். சாகப்போகிற செடிக்குத் தொட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்காதீர்கள் என்று சண்முகத்தாய் சைகை காட்டினாள்.

இப்போது மறுபடி மார்கழி வந்துவிட்டது. சென்ற ஞாயிறு பேசும்போது, அங்கே உறைபனி கொட்டுகிறது, புல்லெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்றான்.

"அப்ப முடிஞ்சதுன்னு சொல்லு" என்றேன்.

"இல்லலே. சாயங்காலமே தூக்கி அடுக்களைக்குள்ள வச்சிட்டேன். பனியில செத்தா அது எப்படிக் கணக்காவும்? என் கையாலதான சாகணும்."

"சரி. செத்தா சொல்லு."

"சொல்லுதேன். ஞாயித்துக்கிழம கூப்பிடுதேன்" என்று போனை வைத்தான்.